வந்த காரணம்

அப்பா சேட்டுப் போட்டபடியே தூங்குவார்.
வெள்ளவத்தையில் சித்திரை மாதம்.
மின்விசிறி சூட்டைத்தான் சுற்றிச் சுற்றித் தரும்.
அப்போதும்.
ருஷ்தா ஒருநாள் இரவு தங்க வந்தபோது
அதைச் சொல்லிச் சிரித்தேன்.

இன்னொன்று,
யார் எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மேலே சொல்லுவார்.
நூறாம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் எங்கே என்றால்
பம்பலப்பிட்டி, அவ்வளவு போதும்.
அப்பாவோ
பம்பலப்பிட்டி, மகளுக்குக் கண்ணாடி,
போன கிழமை அளவு குடுத்தது, இண்டைக்கு வரச் சொன்னவை,
துண்டு கிடக்குது என்று பையைத் தடவுவார்.
நான் அவர் கையைப் பிடித்து இழுப்பேன்.
பிறகு கையை விட்டுவிட்டு
ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்,
யாரோ ஒருவரின் பிள்ளை மாதிரி.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வேண்டிய வயது வந்தது.
காலி வீதியில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ஸ்டூடியோ.
சிரிக்காதே என்று படக்காரருக்கு முன்னமே அப்பா சொன்னார்.
கொப்பி எத்தனை என்றதற்கு, பன்னிரண்டு.
படக்காரர் காசை எண்ணியபடி கேட்டார்:
உங்கட சிங்களம் எங்கட ஆக்களை விட வடிவு,
எங்கே படித்தீர்கள்?

இரவில், என்றார் அப்பா.

அவ்வளவுதான்.
அவர் வாயிலிருந்து ஒற்றைச் சொல்லில் பதில் வந்து
நான் கேட்டதே இல்லை.

வெளியே வந்து, போன் உறை விற்கும் கடைக்கு மேலே
ஜன்னல்களை எண்ணினார்.
மூன்றாம் மாடி, நாலாவது.
"லொட்ஜ். தொண்ணூற்றேழு.
ஆறு மாசம் எண்டு வந்தனாங்கள்.
ஏஜென்சிக்காரன் காசோட போயிட்டான்."

மிச்சத்தை நடந்துகொண்டே சொன்னார்,
பாதியை வாகன இரைச்சல் எடுத்துக்கொண்டது.
செக்கிங் ஒரு மணிக்கு வரும், இரண்டுக்கு வரும்.
அந்த மாடியில் சிங்களம் தெரிந்தது ஒருவருக்குத்தான்,
அவருக்குப் பதினொரு வயது,
கீழே தேத்தண்ணிக் கடையில் பகலில் பொறுக்கிய சிங்களம்.
ஏன் கொழும்புக்கு வந்தாய்?
ஏழாம் அறை செபமலர் அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல்.
பத்தாம் அறை மாஸ்டருக்குப் பென்சனில் பிழை.
பன்னிரண்டில் இரண்டு சகோதரிகள், கனடா விசா, தேதி இருக்கிறது.
எல்லோருடைய பொலிஸ் துண்டும் அவருடைய சேட்டுப் பையில்.
தட்டினால் தேடிக்கொண்டு நிற்கக்கூடாது.
சொல் ஒன்று கூடினால் பரவாயில்லை,
குறைந்தால்தான்.

ஒருநாள் குறைந்தது, என்றார்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
எங்களுக்குப் பக்கத்தால்
ஒரு ஓட்டோ ஹோன் அடித்தபடி போனது.

காலிமுகத்திடலில் இறங்கினோம், காரணம் இல்லாமல்.
இஸ்ஸோ வடை வாங்கினோம். காற்று கடலிலிருந்து
என் படங்கள் இருந்த உறையைப் பறிக்கப் பார்த்தது.
மேலே ஒரு நீண்ட வால், பாம்பு மாதிரி.
அப்பா அதைக் காட்டி,
இதுக்குச் சிங்களத்தில் என்ன?

சருங்கலய, என்றேன்.
மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தில் படத்தோடு இருந்தது.
சருங்கலய, என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார்.
விசாவும் எக்ஸ்ரேயும் காலாவதியும் தெரிந்தவர்.
பட்டத்தைப் பற்றி விசாரிக்க
எவரும் இரவில் கதவு தட்டவில்லை.

விற்கிறவன் வந்தான். யாருக்கு, எத்தனை வயது?
அப்பா தொடங்கினார்:
ஞானசோதி பிரதீபன், வெள்ளவத்தை,
இது மகள் யதுர்ஷிகா, ஐடென்டிக்குப் படம் எடுக்க வந்தது,
படம் இருக்கிறது, பற்றுச்சீட்டும் இருக்கிறது...
அவன் பாவம், நூலைச் சுற்றிக்கொண்டே
தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

நான் கையை இழுக்கவில்லை.
வடை ஆறிக்கொண்டிருந்தது.
அவர் முடிக்கும் வரைக்கும் நின்றேன்.