ஒட்டு

இரும்பாலைக்குப் பின்வாசல். இரவு இரண்டு.
கயிறு கட்டி ஆட்களை விலக்கியாயிற்று.
குழாயின் ஒட்டுக்கு ஒருபுறம் ஃபிலிம்,
மறுபுறம் இரிடியம்.
நாலு நிமிடம் தள்ளி நிற்கிறேன்.
கஞ்சமலை இருட்டாக உட்கார்ந்திருக்கிறது.

செங்கோடன் வைத்த ஒட்டில்
முடியளவு விரிசல் தெரிந்தாலும்
சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவேன்.
அவன் என்னோடு டீ குடிப்பதில்லை.

வருடாந்திர ரத்தச் சோதனைக்குப் போனபோது
ஆய்வகத்து நஸ்ரீன் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
நீல உருண்டை, என் செல்லின் கரு.
அதில் மூன்று பச்சைப் புள்ளி.
"மூணு எடத்துல டி.என்.ஏ. அறுந்திருக்குதுங்க.
ஆனா பச்சையா தெரியறது அறுந்த எடம் இல்லைங்க,
சேதி கேட்டு வந்து கூடினவங்க."

கூடியவை புரதங்கள்.
அறுந்த முனை ஒவ்வொன்றிலும்
மோதிரம்போல் ஒன்று ஏறிக்கொள்கிறதாம்,
நூல் மேலும் பிரியாதிருக்க.
ஒன்று பிசிறு நறுக்கும். ஒன்று இழுத்துச் சேர்க்கும்.
கடைசியில் வருவது ஒட்டும்.
நறுக்கியதில் ஓரிரு எழுத்து போனால்
போனதுதான்.

நானாயிருந்தால் பெருக்கல் குறி போட்டிருப்பேன்.

"ஒட்டவே முடியலைன்னா?"
"அந்த செல்லு தன்னையே முடிச்சுக்கும்."
பேனாவை மூடிக்கொண்டே சொன்னாள்.
அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.

அன்று ராத்திரி ஃபிலிமைக் கழுவி
விளக்குக்கு நேரே பிடித்தேன்.
செங்கோடனின் ஒட்டில் ஒரு கறுப்புப் புள்ளி,
காற்றுக் குமிழ்.
விதிப்படி தேறும். என் வழக்கப்படி தேறாது.
சாக்பீஸ் விரலில்தான் இருந்தது.

எனக்குள்ளே எத்தனையோ ஒட்டு,
எவரும் படம் பிடிக்காதது.

நடந்து போய் டீ சொன்னேன்.
இரண்டு.
அவன் சர்க்கரை வேண்டாமென்றான்.