பிரிவு ஏழு

தொட்டில் சேலைகளைச் சுருட்டிக் கம்பியில் செருகிவிட்டுப்
பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்தோம். ஞாயிறு, நாலு மணி.
மவுசாகலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
மழைக்கு முன்னால் முடிக்கணும் என்றார்கள்,
மடுவத்துத் தராசடியில் நிற்கிற அவசரத்தில்.

தலைவர் மூக்கையா வரவில்லை; நெஞ்சுவலியாம்.
உபதலைவர் வந்தார், கத்தினார்,
யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு போனார்.
பொருளாளர் சவரிமுத்து மட்டும்
கடைசி வாங்கில், குடையை மடியில் வைத்து.

நாற்பத்தோராயிரத்து முந்நூறு ரூபாய்.
மருதாயி புருஷனுக்குப் பெட்டி கடனில் வந்த அன்றுதான்
கணக்கில் ஓட்டை தெரிந்தது.
எங்கே போனது என்று மூன்று தரம் கேட்டோம்.
"எங்கையாலதான் போச்சு" என்றார்.
அதற்குமேல் ஒன்றுமில்லை.

மரண உதவிச் சங்கத்தின் யாப்பை நான் வாசித்தேன்,
கரப்பான் தின்ற ஓரத்தை ஊகித்து:
பிரிவு ஏழு. நிர்வாகிகளை நீக்குதல்.
பதிவேட்டிலுள்ள அங்கத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர்
கையுயர்த்தல் வேண்டும்.

பதிவேட்டில் நூற்றெட்டு.
வேண்டியது எழுபத்திரண்டு கை.
கொழுந்துக் கறை பிடித்த விரல்களை
இரண்டு தரம் எண்ணினேன்.
அறுபத்தொன்பது.

யாரோ சிரித்தார்கள். யாரோ சங்கத்தையே கலைக்கச் சொன்னார்கள்.
கூரைத் தகரத்தில் முதல் தூறல்.

அப்போது கடைசி வாங்கிலிருந்து:
"செத்தவங்கள இன்னும் வெட்டலயே, கோசலா."

பேனையை எடுத்தேன்.
அவர் எழும்பவில்லை. புத்தகம் பார்க்கவில்லை.
"பெரிய சிட்டு. கறுப்பண்ணன். லயத்துக்கோடி யேசுதாசன்,
அன்னைக்கி ரோட்டு ஒடஞ்சி, பெட்டிய ஆறு பேரு சுமந்தோம்.
வள்ளியம்மா. வள்ளியம்மா மவன், அதே மாசம்..."
வரிசை பிசகாமல் பதினொரு பேர்.
பதினொரு சிவப்புக் கோடு.

மிச்சம் தொண்ணூற்றேழு.
அறுபத்தைந்து கை போதும்.

கணக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.
யாரும் கைதட்டவில்லை.
தீர்மானம் நிறைவேறியது என்று எழுதினேன்.
அறுபத்தொன்பதில் அவருடைய கையும் இருந்ததா?
எண்ணும்போது நான் முகம் பார்க்கவில்லை.

ரசீதுப் புத்தகம், முத்திரை, கதிரை அறைச் சாவி;
மேசையில் வைத்துவிட்டுக் குடையை விரித்தார்.
வாசல்வரை போய்த் திரும்பினார்.

"மழ நாளைக்கி அந்தப் பூட்டு லேசுல தொறக்காது.
கொஞ்சம் ஒசத்திப் புடிச்சித் திருப்பணும்.
ராத்திரிலதான் வந்து சொல்வாங்க, புள்ள.
டோர்ச் ஒன்னு பக்கத்துல வச்சிக்க."