கூட்டல் குறி

நான் எழுபத்தொன்று புள்ளி நான்கு.
ரிஸ்வானா எழுபத்து மூன்று புள்ளி இரண்டு.
மதுரை பைபாஸ் ரோட்டில் பேக்கரி மாடியில்
ஜெர்மன் வகுப்பு முடிந்து,
பஃப்ஸ் வாசனைக்கு நடுவே நின்று கணக்குப் போட்டோம்.
நூறிலிருந்து மார்க்கைக் கழி, மூன்றால் பெருக்கு,
நூறுக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தூரத்தால் வகு,
ஒன்றைக் கூட்டு.
அந்த நாட்டில் குறைந்தால்தான் உசத்தி.
இரண்டரைக்குள் வந்தால் கதவு திறக்கும்.

என் கல்லூரியில் நாற்பது எடுத்தால் பாஸ்.
அவள் கல்லூரியில் ஐம்பது.

எனக்கு இரண்டு புள்ளி நான்கு.
அவளுக்கு இரண்டு புள்ளி ஆறு.

என்னைவிடக் கூடுதல் வாங்கியவள்
காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் வேறு விடை இருப்பதுபோல.
"எனக்குப் பகுதி சிறுத்துப்போச்சுடி" என்றாள்.

கதிரேசனுக்கு எண் சரியாக இருந்தது, தேதிதான் இல்லை.
விசா நேர்காணலுக்குப் பதிந்து பதினோரு மாதம்.
வரிசை நகர்ந்ததா தெரியாது,
அவன் ஓசூருக்கு நகர்ந்துவிட்டான்.
மணிக்கொரு தரம் பிரேக் வட்டின் தடிமனை
அளந்து எழுதுகிறான் என்று கேள்வி.

டோர்ட்முண்ட் பல்கலைக்கழகத்தில் ரயில்
தண்டவாளத்துக்குக் கீழே தொங்கிக்கொண்டு போகும்.
முதல் வாரம் ஏறும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தேன்,
கொக்கி பிடித்திருக்கிறதா என்று.
முடக்கிய கணக்கிலிருந்து என் கடன் பணம்
மாதம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு யூரோவாகச் சொட்டும்.
கடன் கொடுத்த மேலாளர் கேட்டிருந்தார்,
"புள்ளியியல்னா, இந்த சென்சஸ் எடுக்கிறதுதானே?"
ஆமாம் சார் என்றேன். கையெழுத்துப் போட்டார்.
வெள்ளி, சனி இரவுகளில் துறைமுகக் கிடங்கில்
பார்சல் பிரிக்கிறேன். யார் யாருக்கோ செருப்பு,
யார் யாரோ திருப்பி அனுப்பிய செருப்பு.

உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, புதன் காலை எட்டேகால்.
பேராசிரியர் லோமான் பலகையில்
படிக்கட்டுபோல் இறங்கும் ஒரு கோடு வரைந்தார்.
ஒவ்வொரு இறக்கமும் ஒரு சாவு.
தட்டையான இடங்களில் அங்கங்கே
சின்னக் கூட்டல் குறி.
இவர்கள் சென்சார் ஆனவர்கள் என்றார்.
எனக்கு சினிமா தொடங்குமுன் காட்டும் சான்றிதழ்தான்
ஞாபகம் வந்தது.
அது வேறு.
இவர்கள் ஆய்வின் பாதியில் ஊர் மாறியவர்கள்,
ஃபோன் எடுக்காதவர்கள்.
தோற்கவில்லை. ஜெயித்தார்களா, தெரியாது.
இன்ன நாள்வரை இருந்தார்கள், அவ்வளவுதான் தகவல்.
அதையும் தூக்கி எறிந்துவிட்டால்
மிச்சமிருப்பவர்களைப் பற்றிச் சொல்வதும் பொய்யாகும்.

அந்த வாரமே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்.
புதிதாக வருகிறவர்களுக்குப் பிரசுரம் போடுகிறார்கள்.
"நீங்கள் இங்கே வந்தது எப்படி?"
நூற்றைம்பது சொல், சிரித்தபடி ஒரு படம்.

கடின உழைப்பு என்று தொடங்கினேன்.
ரிஸ்வானா என்னைவிட உழைத்தாள். அழித்தேன்.
விடாமுயற்சி.
கதிரேசன் பதினோரு மாதம் விடவில்லை. அழித்தேன்.
நாற்பது எடுத்தால் பாஸ் என்ற கல்லூரியில் படித்தேன்
என்று எழுதினேன்.
உண்மைதான். பிரசுரத்துக்கு ஆகாது.

கிடங்கில் டீ இடைவேளையில் ரிஸ்வானாவுக்கு அனுப்பினேன்:
இங்க நாலு வாங்கினா பாஸ்டி, அஞ்சு வாங்கினா ஃபெயில்!
ஒற்றை டிக்.
ஞாயிறு மதியம் எழுந்து பார்த்தேன்,
ஒற்றை டிக்.

வீட்டுப்பாடத்தில் நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகள்.
மென்பொருள் கோட்டை வரைந்தது.
கூட்டல் குறி ஒன்றுகூட இல்லை.
அவர்களைக் கணக்கில் சேர்க்கும், காட்டாது,
அதன் வழக்கம் அப்படி.
காட்டு என்று தனியாக ஒரு சொல் எழுத வேண்டும்.
எழுதினேன்.
கோடு நெடுகிலும் முப்பத்தேழு பேர்
தந்திக்கம்பியில் வந்து உட்கார்ந்ததுபோல்
உட்கார்ந்தார்கள்.

திருத்தி வந்த தாளின் ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்தது:
கேட்கப்படவில்லை. ஆனால் சரி.