மொத்தம் வரவில்லை

குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு.
ஐந்து பத்தி.
சாவு இந்த வரிசையில்தான் அச்சாக வேண்டுமென்று
ஜவ்கான் தலைமையகம் படிவம் அனுப்பியிருக்கிறது.
புல்லைப் பனி மூடிய வருஷத்துக்கு
இங்கே வெள்ளை ஜுத் என்று பெயர்.
படிவத்தில் அதற்குப் பத்தி இல்லை.

நான் கூட்டுவதில்லை. கழிப்பதுமில்லை.
டிசம்பரில் எண்ணியவை
கழித்தல் இன்று மூச்சுவிடுபவை:
ஒருமுறை எழுதிவைத்த சூத்திரம்
வரிவரியாகத் தானே இறங்கிப்போகும்,
சரிவில் கால் வழுக்கியவன் மாதிரி
அடிவாரத்து மொத்தத்தில் போய்த்தான் நிற்கும்.
உப்புத்தேநீர் ஆறுவதற்குள் அறிக்கை முடியும்.

இன்று அடிவாரம் காலி.
எண் இல்லை. பிழை என்றுகூட இல்லை.
மேலேறித் தேடினேன்.
நூற்று நாற்பத்தாறாம் வரி, லுவ்சன்தோர்ஜ்.
டிசம்பரில் நானூற்றுப் பன்னிரண்டு.
இன்றைய கட்டத்தில் ஒன்றுமில்லை.
ஜனவரியில் மேய்ச்சல் தேடிக் கணவாய்க்கு அப்பால் போனவர்,
கைபேசி எடுக்கவில்லை.
தெரியாததோடு எதைக் கூட்டினாலும்
தெரியாதுதான் என்று
கணினி வாயை மூடிக்கொண்டது.
இத்தனை நாணயம் அதற்கு உண்டென்று
நான் நினைத்ததே இல்லை.

அமைப்புகளுக்குள் ஒரு சின்னப் பெட்டி:
'வெற்றிடத்தைப் பூஜ்ஜியமாகக் கொள்க.'
டிக் செய்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டும் செத்தன.
ஒன்றுகூடக் கத்தவில்லை.
முப்பது புள்ளி ஆறு சதவீதம்.
முப்பதைத் தாண்டினால் சிவப்பு,
சிவப்பென்றால் வைக்கோல் லாரி.
அதுவும் தானாகவே.

டிக்கை எடுத்தேன். அந்த வரியையே விலக்கச் சொன்னேன்.
இருபத்தொன்பது. மஞ்சள்.
அவருடையது ஒன்றும் சாகவில்லை,
அவர் பிறக்கவே இல்லை.

சிவப்பு. மஞ்சள். சிவப்பு.
ஜன்னலுக்கு வெளியே தம்தினின் பசு
அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தது,
போன மாதம் பிரிண்டர் வந்த பெட்டி.

பசி சிவப்புப் பக்கம்தான். மறுக்கவில்லை.
ஆனால் அந்த மனுஷர் ஒருநாள்
பாதி மந்தையோடு, குளிரில் மூக்கு கருகி வந்து
இந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்து
தன் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறதென்று கேட்பார்.
கண்ணாடி இல்லாமலே படிப்பார்.

பெட்டியைத் தொடாமல் விட்டேன்.
மொத்தம் வெறுமையாகவே அச்சானது.
அடியில் பேனாவால் எழுதினேன்:
ஒரு வீட்டின் கணக்கு பனிக்கு அப்பால்.
மற்ற வீடுகளில் செத்தவை ஐயாயிரத்து நூறு,
விரல்விட்டுக் கூட்டியது.
லாரியை அனுப்பிவிட்டுப் பேசுங்கள்.

மாலையில் தலைமையகத்திலிருந்து அழைப்பு.
"மொத்தம் வரவில்லையே?"

"இன்னும் வரவில்லை," என்றேன்.
"கோம்போ மோட்டார் சைக்கிளில்
தேடிப் போயிருக்கிறான்."