நாலு கிராம்

என்ஜினை இறக்கி மூன்று வாரம்.
செங்கோட்டையில் சாரல் நிற்கவில்லை.
சேகு உதுமான் பட்டறையில் என் பத்மினி
பல் பிடுங்கியவள் மாதிரி
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

மேசைமேல் பிளாக்.
நாலு குழி.
மூன்றாவதில் நகத்தை ஓட்டினால் ஒரு கீறல் தட்டுகிறது,
மேலிருந்து கீழ்வரை.
கோட்டைவாசல் ஏற்றத்தில்
ரேடியேட்டர் கொதித்த விடியலில் விழுந்தது.
அன்றைக்குக் கேந்தி ஆறு மூட்டை, பிச்சி இரண்டு கூடை.
புனலூர் சந்தை கலைந்தபிறகு போய்ச் சேர்ந்தேன்.
பாதி விலை, அதிலும் பாதி கடன்.

“இனிமே போர் அடிக்க இரும்பு இல்லக்கா.
முன்னாடி வச்சிருந்தவன் நாப்பது வரைக்கும் தோண்டிட்டான்.
நாலுக்கும் ஸ்லீவ் போட்டு
பிறந்த அளவுக்கே கொண்டுவந்திருவோம்.”
சரி என்றேன்.
மனுசிக்கும் போடுவாயா என்று கேட்கவில்லை.

தங்கச்சன் கடையில்
கண்ணாடிக்குப் பின்னால் இரட்டை கார்புரேட்டர்.
கோட்டயத்துப் பையன் ஒருத்தன்
ரேஸ் ஓட்டிய வண்டியில் கழற்றியதாம்.
“சேச்சி, இது வெச்சா வண்டி பறக்கும் கேட்டோ.”
பறந்து எங்கே போக.
பூ பறந்தால் எனக்கு நட்டம்.
ஆனாலும்
அந்த இரண்டு வாய்க்குள்ளும் விரல் விட்டுப் பார்த்தேன்.
குளிர்ந்து கிடந்தது.
விலை கேட்டேன்.
கடை வாசல்வரை போய்,
திரும்பி வந்து மறுபடியும் கேட்டேன்.

சீட்டு எடுத்தது முப்பத்தெட்டாயிரம்.
மூன்று வரிசை ரேடியேட்டர்: பேரம் பேசவில்லை.
ஆயில் பம்ப் புதிது.
கேம்ஷாஃப்ட் பழையதே இருக்கட்டும்,
அடியிலிருந்தே இழுக்கிற குணம் அதற்கு.
ஹெட்டை அரை மில்லி இழைத்தால்
ஏற்றத்தில் இன்னும் இழுக்கும் என்றார் ஆவுடைநாயகம்,
லேத்தைத் துடைத்தபடி.
இழுக்கும்தான்.
வெயிலில், பாரத்தில், மட்டமான பெட்ரோலில்
டக்கு டக்கென்று தட்டவும் தட்டும்.
வேண்டாம்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டு
ராத்திரி முழுக்க அந்த அரை மில்லியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிஸ்டன் வந்தது வியாழக்கிழமை,
எண்ணெய்த்தாள் சுற்றி, நாலும் ஒரே பெட்டியில்.
பிச்சி நிறுக்கிற என் தராசை எடுத்துப்போனேன்.
தட்டில் ஒட்டியிருந்த காம்பை ஊதிவிட்டு
ஒவ்வொன்றாக வைத்தேன்.
முதல் மூன்றும் ஒரே எண்.
நாலாவது, நாலு கிராம் கூட.

நாலு கிராம் என்பது
விரியாத மொட்டு இருபது.
அதற்காக என்னிடம் சண்டை பிடித்திருக்கிறாள்
தென்மலை பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டும் ரமணி.
நானும் பிடித்திருக்கிறேன்.

“இந்த வண்டிக்கு இதெல்லாம் எதுக்குக்கா?
கம்பெனிக்காரனே பாக்க மாட்டான்.”
நான் அரத்தைக் கேட்டேன்.
பிஸ்டனின் உள்பக்கம், எந்தக் கண்ணும் போகாத இடத்தில்
சேகு ராவினான்.
வைத்தான். எடுத்தான். ராவினான்.
அலுமினியப் பொடி என் சேலை மடியில்
மகரந்தம் போல இல்லை,
அலுமினியப் பொடி போலத்தான் இருந்தது.
மாலை ஐந்தரைக்கு
நாலும் ஒரே எண்.

ஓட்ட வேண்டிய விதி தெரியுமே:
முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாரம் கூடாது,
நாற்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.
இவ்வளவும் செய்துவிட்டு
புளியரை தாண்டி எஸ் வளைவில்
வைக்கோல் லாரிக்குப் பின்னால் நகர்கிறேன்.
கண்ணாடியில் வைக்கோல் விழுகிறது, வைப்பர் தள்ளுகிறது,
மறுபடி விழுகிறது.
முந்த இடம் இருந்தது, இரண்டு தடவை.
முந்தவில்லை.
லாரி நின்றபோது நானும் நின்றேன்.
என்ஜின் அணைந்துவிட்டதென்று சாவியைத் தொட்டேன்.
அணையவில்லை.

ஆரியங்காவு செக்போஸ்டில் டார்ச் அடித்தார்.
“எந்தா உள்ளில்?”
டிக்கியைத் திறந்தேன்.
ஸ்டெப்னி, ஜாக்கி, காய்ந்த கேந்தி இதழ் ஒன்று.
“பின்னே எந்தினா வந்நது?”

ஏறிப் பார்க்க, என்றேன்.
அவர் இறங்கச் சொல்லவில்லை.
வெப்ப முள்
பாதியில் நின்றுகொண்டிருந்தது.