முப்பத்தோராம் நாக்கு

சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டால்
எல்லா பிஸ்கட்டும் ஒரே நிறம்.
அதற்காகத்தான் அந்த விளக்கு.
கண் முந்திக்கொண்டு போய்
நாக்குக்குச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாதாம்.

கென்ட் ரிட்ஜ், மூன்றாம் மாடி.
ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை அங்கி, தலையில் வலை,
நானும் ஹுய் மின்னும்.
சோயாபால் பிழிந்த சக்கையை
செனோக்கோ ஆலை தூக்கிப் போடுவதற்குள்
வாளியில் வாங்கிவந்து
உலர்த்தி, சலித்து, சுட்டு
417, 862, 095 என்று பெயர் வைத்தோம்.
ஒன்று நேற்றையது. ஒன்றுக்கு மூன்று வாரம்.
ஐந்து வாரம் ஆனதில்
எண்ணெய் சிக்கு வாடை தொடங்கியிருந்தது.

சுவரில் ஒரு சின்னக் கதவு.
மேலே தூக்கித் தட்டை நீட்டுவேன்.
அந்தப் பக்கம் முகம் கிடையாது, கைகள்தான்.
நகப்பூச்சுக் கை. மசிக்கறைக் கை.
கைப்பேசியை விடாமலே பிஸ்கட் எடுத்த கை.
முப்பத்தோராம் ஆளின் கை
ரப்பர் உறைக்குள் வெகுநேரம் ஊறி
வெளுத்துச் சுருங்கியிருந்தது.
தரை துடைக்கும் திரவத்தின் எலுமிச்சை வாசனை
என் பக்கத்துக்கும் வந்தது.
வாசனை பூசி வராதீர்கள் என்று
சுவரொட்டியில் எழுதியவள் நான்தான்.

ஒன்று என்றால் அறவே பிடிக்கவில்லை.
ஒன்பது என்றால் மிக மிகப் பிடித்திருக்கிறது.
ஐந்து, பிடித்தது என்றும் இல்லை, பிடிக்காதது என்றும் இல்லை;
பொறியியல் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு போடும் எண்.
முப்பத்தொன்று மூன்றுக்கும் ஒன்பது.
துப்புவதற்குக் கொடுத்த கோப்பை
காய்ந்தபடியே திரும்பி வந்தது.
தட்டில் பொடிகூட இல்லை.

டாக்டர் தியோ திரையைப் பார்த்தார்.
“இவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீக்கிவிடு.”
தப்பில்லை, பாடநூலும் அதைத்தான் சொல்கிறது.
வரிசையைத் தேர்ந்து அழித்தேன்.
ஐந்து வார பிஸ்கட்டின் சராசரி
5.1 ஆக இருந்தது 5.0 ஆனது.

சோதனைக்கு முந்தைய ஒரு மணி நேரம்
எதுவும் உண்ணாதீர்கள் என்று கேட்டிருந்தோம்.
எத்தனை மணி நேரமாக என்று
கேட்டிருக்கவில்லை.

புதிதாகச் சுட்டதில் மிஞ்சியது இருபது இருக்கும்.
காலி மைலோ டின்னில் போட்டு
துடைப்பங்கள் சாத்தியிருக்கும் அலமாரிமேல் வைத்தேன்.
எண் ஒட்டவில்லை.
பெயர் எழுதலாமென்றால், தெரியாது.
“இதுக்கும் நெறிமுறைக் குழுகிட்ட
அனுமதி வாங்கணுமா?” என்றாள் ஹுய் மின்.
95ஆம் எண் பஸ்ஸில் அவள் தூங்கிப்போனாள்.
எனக்குப் புள்ளியியல் தேர்வு வேறு.

மறுநாள் காலை டின்
தொட்டி ஓரம் எங்கள் பீக்கர்களோடு
கழுவிக் கவிழ்த்திருந்தது.
எடுத்து மோந்து பார்த்தேன், பழக்கதோஷம்.
எலுமிச்சை.