சாரமில்ல

அறுபது டன் எடைமேடை.
அதன் ஓரத்துக் கூண்டுக்குள் நான்,
ஒரு மின்விசிறி, ரசீது துப்பும் இயந்திரம்,
மே மாத மத்தியானம்.
கோபாலபுரத்தில் ரோடு ஒரே ரோடுதான்.
கொஞ்ச தூரம் போனால்
கடைப்பலகையில் எழுத்து மாறும்,
லாட்டரிச் சீட்டு தொங்கும், அவ்வளவுதான்.

தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்தான் நவனீதன்.
காலையில் வந்த முடிவு
அவன் முகத்தை விட்டு இன்னும் இறங்கவில்லை.
கணக்கில் இருபத்தொன்பது.
முப்பத்தைந்துக்கு ஆறு குறைச்சல்.

அதற்குள் எட்டு போன்.
உடுமலைச் சித்தப்பா, ஐடிஐ என்றார்.
மாமா, திருப்பூருக்கு அனுப்பிவிடு என்றார்,
பனியன் கம்பெனியில் ஆள் கேட்கிறார்களாம்.
அத்தை எதையும் சொல்லவில்லை,
தன் மகளின் மார்க்கை மட்டும் சொன்னாள்.
அம்மா எல்லோருக்கும் "ஆகட்டுங்க" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை.
பி.காம் இரண்டாம் வருடம் படிக்கும்போது
இந்த நாற்காலி காலி என்றார்கள்.
வந்து உட்கார்ந்தேன். ஆறு வருடம்.
யோசித்து எடுத்த முடிவு என்று
கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன்.

தென்னைநார்ப் பொதியோடு மேடை ஏறியது
ஹம்ஸாக்காவின் லாரி.
பார்வைக்கு மலை, எடைக்கு ஒன்றுமில்லை.
ரசீதுக்குக் கை நீட்டியவர்
பையனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
ஆறு என்று விரலால் காட்டினேன்.
"சாரமில்ல மோனே," என்றார்,
"சாரமில்ல, கேட்டோ."
புகை விட்டபடி மேற்கே போய்விட்டார்.

"அவருக்கும் தெரிஞ்சுபோச்சாக்கா,
எனக்குள்ள சாரம் இல்லைன்னு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சிரித்திருக்கக் கூடாது.
"டேய், அந்தப் பக்கம் அதுக்குப்
பரவாயில்லைன்னு அர்த்தம்."
"தெரியும்."
வெகுநேரம் கழித்து,
"தெரியும். கேட்டப்போ தெரியலை."

மேடை காலியாகக் கிடந்தது.
எதற்கென்று தெரியாமல் அதன்மேல் போய் நின்றான்,
செருப்பைத் தாண்டிச் சுடும் இரும்பில்
கால் மாற்றி மாற்றி.
திரையில் சிவப்பாய்: 40.

"பொய். ஆஸ்பத்திரித் தராசுல நாப்பத்தாறு."
"இது இருபது இருபதாத்தான் எண்ணும்.
ஆறெல்லாம் இதுக்குக் கண்ணு தெரியாது."

நினைத்துச் சொல்லவில்லை.
சொன்ன பிறகுதான்
என்ன சொன்னேன் என்று
இரண்டு பேருக்கும் கேட்டது.

"பரீட்சைக்குத் தெரியுதே," என்றான்.
அதுவும் சரிதான்.

பழைய ரசீது ஒன்றின் முதுகைக் கொடுத்தேன்.
எழுதினான், அடித்தான், கிழித்தான்.
இன்னொன்று கொடுத்தேன்.
வெங்காய லாரி ஒன்று வந்து போனது.
வைக்கோல் வண்டிக்காரர் சில்லறைக்குச் சண்டை போட்டார்.
நடுவில் ஒருமுறை, "நீயா இருந்தா?" என்றான்.
"நான் யோசிக்கவே இல்லைடா.
காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தவ.
என்கிட்டக் கேக்காதே.
ஒரு வாரம் எடுத்துக்கோ. நான் காவல் இருக்கேன்."
யாரிடமும் சொல்லாததை
அவனிடம் சொல்லிவிட்டு
அடுத்த லாரியின் நம்பரைத் தப்பாக அடித்தேன்.

நாலு மணிக்குச் சொன்னான்:
"ஜூன் கடைசில மறுபடி கணக்கு எழுதறேன்.
அப்புறம் என்னன்னு அப்புறம்.
இந்த ஒண்ணு மட்டும் இப்ப தெரியும்.
அதுவரைக்கும்
போனை நீயே எடுத்துப் பேசு."

சோற்றில் பாதியை அவனே தின்றான்.
காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதை
கைதான் சொன்னது.

ஒன்பதாவது போன். அத்தை மறுபடி.
பையனை என்ன செய்வதாக உத்தேசம் என்று
ஆரம்பிப்பதற்குள் நான் சொன்னேன்:
"சாரமில்லைங்க அத்தை."

எந்த ஊர்ப் பேச்சில் எடுத்துக்கொண்டாளோ.
மேடையில் தக்காளி லாரி ஒன்று
ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.